தெரியாதவரின் முதல் செய்தி

சர்வர் ஒன்றுக்கு ஒரு பொட்டலம் வந்து சேர்கிறது. அனுப்பியவர் என்ற இடத்தில் நீளமாக ஒரு சாவி. அந்தச் சாவி இந்த ஒரு செய்திக்காகவே உண்டாக்கப்பட்டு, காரியம் முடிந்ததும் வீசப்பட்டது. இனி யாரும் அதைப் பயன்படுத்தப் போவதில்லை. தேதியும் நேரமும் இருக்கின்றன. அவை வேண்டுமென்றே இரண்டு நாள் வரை பின்தள்ளி எழுதப்பட்டவை. உள்ளே இருப்பது பூட்டிய எழுத்துக் குவியல். பொட்டலத்தின் மேல் உண்மையாக எழுதியிருப்பது ஒன்றுதான்: யாருக்குப் போக வேண்டும் என்பது.

‘நாஸ்டர்’ என்ற மையமில்லாத வலையமைப்பில் தனிச்செய்திகள் இப்போது இப்படித்தான் போகின்றன. கிஃப்ட் ராப் என்று அந்த முறைக்குப் பெயர். பொட்டலத்தைப் பெற்றவர் பிரித்தால் உள்ளே இன்னோர் உறை. அனுப்பியவரின் உண்மையான கையெழுத்து அதில்தான் இருக்கிறது. அதையும் பிரித்தால் செய்தி. அதில் கையெழுத்தே கிடையாது. நாளைக்கு யாராவது அதை ஊருக்குக் காட்டினால், ‘நான் எழுதவில்லை’ என்று சொல்ல இடம் இருக்க வேண்டும் அல்லவா?

நடுவில் நிற்கும் சர்வரை ரிலே என்பார்கள். அதை நடத்துபவருக்கு ஒரே கேள்வி: இதை வாங்கி வைப்பதா, தூக்கிப் போடுவதா? அடிக்கும் கணவனைப் பற்றி ஒரு பெண் தன் வக்கீலுக்கு எழுதியதாக இருக்கலாம். ‘வீட்டிலிருந்தபடியே தினமும் 5,000 ரூபாய்’ விளம்பரத்தின் பத்தாயிரமாவது பிரதியாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் மெனக்கெட்டு அப்படிக் கட்டினார்கள்.

முன்பு அங்கே இருந்த முறையில் செய்தி மட்டும் பூட்டப்பட்டிருக்கும். யார், யாருக்கு, எப்போது எழுதினார் என்பது திறந்தே கிடக்கும். ஸ்பேம் பிடிக்க அது வசதி. ஒரே சாவியிலிருந்து ஆயிரம் பேருக்குச் செய்தி பறந்தால் ரிலே தடுத்துவிடலாம். ஒரு பத்திரிகையாளருக்கு யாரெல்லாம் தகவல் தருகிறார்கள் என்று வேவு பார்க்க நினைப்பவருக்கும் அதே வசதி கிடைத்தது. அந்த ஓட்டையை அடைத்தார்கள். அடைத்ததும் ஸ்பேமைக் கண்டுபிடிக்கும் வழியும் சேர்ந்து அடைபட்டது.

தனிச்செய்தித் தொழில்நுட்பத்தில் பூட்டுப் பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிட்டது. தீராமல் நிற்பது இந்த வாசல் பிரச்சினைதான். முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பும் முதல் செய்தியை எந்தக் கணக்கில் உள்ளே விடுவது?

எழுதவே இல்லையே, எப்படி அனுப்பினார்?

வாட்ஸ்அப்பைப் பாருங்கள். 2016 ஏப்ரலில் எல்லாச் செய்திகளுக்கும் முனைக்கு முனை பூட்டு போட்டுவிட்டார்கள். உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது. இருந்தும் 2021 மே 15 முதல் ஜூன் 15 வரையிலான ஒரே மாதத்தில் இந்தியாவில் மட்டும் 20 லட்சம் கணக்குகளை முடக்கியதாக அந்த நிறுவனம் அறிக்கை தந்தது. அவற்றில் 95 சதவீதத்துக்கு மேல் தானியங்கியாகவோ மொத்தமாகவோ செய்தி அனுப்பிய கணக்குகள்.

படிக்காமல் எப்படிப் பிடித்தார்கள்? 2019இல் வெளியிட்ட ஒரு விளக்க அறிக்கையில் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். கணக்கு தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, 15 விநாடிக்குள் 100 செய்தி போகிறது என்றால் அது மனிதன் செய்யும் வேலையாக இருக்காது. நாம் எழுதும்போது எதிர்ப்பக்கம் ‘டைப்பிங்’ என்று தெரியுமே, அது தெரியாமலே செய்தி மட்டும் வந்து விழுந்தால் அங்கே கணினி நிரல் ஓடுகிறது. இப்படிப் பல சிறு அடையாளங்கள்.

கெட்டிக்காரத்தனம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் இதைச் செய்ய ஒருவர் நடுவில் உட்கார்ந்து எல்லோருடைய போக்குவரத்தையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். என்ன பேசினீர்கள் என்று தெரியாது. யாரோடு, எந்த நேரத்தில், எவ்வளவு வேகமாகப் பேசினீர்கள் என்று தெரியும். பல நேரங்களில் அதுவே போதும். இரவு இரண்டு மணிக்கு ஒருவர் தற்கொலைத் தடுப்பு மையத்துக்கு எழுதுகிறார் என்றால், என்ன எழுதினார் என்று தனியாகப் படிக்கத் தேவையில்லை.

மையமில்லாத வலையமைப்பு வேண்டும் என்று கேட்பவர்கள் அந்தக் கவனிப்பாளரே வேண்டாம் என்கிறார்கள். நியாயமான கோரிக்கை. ஆனால் கணக்கு தொடங்க யாருடைய அனுமதியும் தேவையில்லாத இடத்தில் ஒரே ஆள் பத்தாயிரம் பேராக வேடம் போடலாம். மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவின் ஜான் டூசர் 2002இல் இதை ‘சிபில் தாக்குதல்’ என்ற பெயரில் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். ‘இவர் தனி ஆள்தான்’ என்று உறுதி சொல்லும் மைய அமைப்பு ஒன்று இல்லாதவரை, நடைமுறை உலகில் இதை முழுதாகத் தடுக்க வழியில்லை என்றும் காட்டினார். அதற்குப் பின் வந்தவை எல்லாம் இந்த முடிவைச் சுற்றிக்கொண்டு போகும் முயற்சிகள்.

மெயில் எப்படி நாலு பேர் கைக்குப் போனது

உலகின் மிகப் பெரிய மையமில்லாத செய்தி அமைப்பு மின்னஞ்சல்தான். யார் வேண்டுமானாலும் சர்வர் வைக்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அதன் முதல் ஸ்பேம் 1978 மே 3 அன்று வந்தது. டெக் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி தூர்க், தங்கள் புதிய கணினியின் அறிமுகக் கூட்டத்துக்கு, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேரை ஒரே அடியாக அழைத்தார். வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்போது அந்த வலையில் இருந்தவர்களின் பெயர்ப் பட்டியலே ஒரு சிறு புத்தகத்தில் அடங்கிவிடும். திட்டு ஒன்றே போதுமான தண்டனையாக இருந்தது.

வலை பெருகியதும் திட்டு பலிக்கவில்லை. 1990களின் இறுதியில் தடைப்பட்டியல்கள் வந்தன; ஸ்பாம்ஹாஸ் 1998இல் தொடங்கியது. பிறகு வார்த்தைகளை எண்ணிப் பார்த்துச் சலிக்கும் நிரல்கள். பிறகு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று அனுப்புநர் சான்றுகள். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000க்கு மேல் அனுப்புபவர் இந்தச் சான்றுகள் மூன்றையும் வைத்திருக்க வேண்டும். ‘இது ஸ்பேம்’ என்ற புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் தவறான விதி என்று சொல்ல மாட்டேன். மொத்தத்தில் நடந்தது வேறு. இன்று நீங்கள் சொந்தமாக ஒரு மெயில் சர்வர் வைத்து, எல்லா விதியையும் ஒழுங்காகப் பின்பற்றி, நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினால், அது அவருடைய ஸ்பேம் பெட்டியில் போய் விழுவதற்கான வாய்ப்பு அதிகம். கேட்க ஆள் கிடையாது. அலுத்துப்போய் எல்லோரும் ஜிமெயிலுக்கோ அவுட்லுக்கிற்கோ போய்ச் சேர்ந்தார்கள்.

கூகுள் டாக் கதை இன்னும் சுருக்கமானது. 2006இல் கூகுள் அதை எக்ஸ்எம்பிபி என்ற பொது நெறிமுறையின் வழியே வெளி சர்வர்களுக்குத் திறந்துவிட்டது. ஜிமெயில்காரர் ஒருவரும் தன் வீட்டுக் கணினியில் சர்வர் நடத்தும் ஒருவரும் அரட்டை அடிக்க முடிந்தது. 2013 பிப்ரவரியில் வெளியிலிருந்து வரும் நட்பு அழைப்புகள் சத்தமில்லாமல் காணாமல் போயின. ஸ்பேம் தொல்லை என்று காரணம் சொன்னார்கள். அதே ஆண்டு மே மாதம் ஹேங்அவுட்ஸ் வந்தது, வெளி வாசலே இல்லாமல். ஸ்பேம் நிஜமான காரணமா, நல்ல சாக்கா என்று அன்றைக்கே சண்டை நடந்தது. எனக்கென்னவோ இரண்டும் என்றுதான் தோன்றுகிறது. திறந்த வலைகளை மூட அரசாங்கங்கள் எடுத்த முயற்சிகள் பல தோற்றிருக்கின்றன. ஸ்பேம் ஆசாமிகள் அலட்டிக்கொள்ளாமல் அதைச் செய்து முடித்திருக்கிறார்கள்.

போன் நம்பர் என்ற குறுக்குவழி

ஒரு ஆளுக்கு ஒரு கணக்கு என்று உறுதி செய்ய இன்றைக்கு எல்லோரும் பிடித்திருக்கும் வழி போன் நம்பர். சிம் வாங்கக் காசு வேண்டும், அடையாளச் சான்று வேண்டும். ஆகவே பத்தாயிரம் நம்பர் வைத்துக்கொள்வது சிரமம். செயலி நடத்துபவர் சரிபார்க்கும் வேலையைத் தொலைபேசிக் கம்பெனியின் தலையில் கட்டிவிடுகிறார்.

அதுவும் சும்மா கிடைப்பதில்லை. லாப நோக்கற்ற சிக்னல் அமைப்பு 2023 நவம்பரில் தன் செலவுக் கணக்கை வெளியிட்டது. பதிவு செய்பவர்களுக்கு ஓடிபி அனுப்புவதற்கு மட்டும் ஆண்டுக்கு 60 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 50 கோடி ரூபாய். சர்வர் வாடகையைவிட அதிகம். ரகசியத்துக்காகவே பிறந்த ஒரு செயலியின் மிகப் பெரிய தொழில்நுட்பச் செலவு, வருபவர் நிஜ ஆளா என்று பார்ப்பதற்கே போகிறது. 2024 தொடக்கத்தில் பயனர்பெயர் வசதி வந்ததால் உங்கள் நம்பரை மற்றவர்களிடமிருந்து மறைத்துக்கொள்ளலாம். சிக்னலில் சேர இன்றும் நம்பர் வேண்டும்.

சிக்னல் செய்த இன்னொரு காரியம் எனக்குப் பிடித்தமானது. 2018 அக்டோபரில் அனுப்புநர் பெயரை சர்வருக்கே காட்டாமல் மறைக்கும் வசதியைக் கொண்டுவந்தார்கள். பெயர் தெரியாவிட்டால் ஸ்பேமை எப்படி நிறுத்துவது? ஒவ்வொருவரின் சுயவிவரச் சாவியிலிருந்தும் 96 பிட் நீளத்தில் ஒரு டோக்கன் உண்டாகிறது. நீங்கள் ஏற்கெனவே பேசியவர்களிடம், தொடர்பில் வைத்திருப்பவர்களிடம் மட்டுமே அந்தச் சாவி இருக்கும். டோக்கனைக் காட்டினால் பெயர் சொல்லாமலே சர்வர் உள்ளே விடும். டோக்கன் இல்லாதவர், அதாவது உங்களுக்குத் தெரியாதவர், பெயரைச் சொல்லித்தான் வர வேண்டும். தெரிந்தவர் முகமூடி போட்டுக்கொள்ளலாம், தெரியாதவர் முகம் காட்ட வேண்டும். யோசித்துப் பார்த்தால் சரியான இடத்தில் போட்ட கோடு.

குறையில்லாமல் இல்லை. செய்தி சேர்ந்தது என்று உடனுக்குடன் திரும்பிப் போகும் ரசீதுகளை எண்ணிப் பார்த்து, யாரோடு யார் பேசுகிறார்கள் என்று காலப்போக்கில் ஊகித்துவிடலாம் என்று ஆய்வாளர்கள் 2021இல் காட்டினார்கள். அதே ஆண்டு நவம்பரில் சிக்னல் வேறொன்றை அறிவித்தது: சர்வர் நிரலில் ஸ்பேமைப் பிடிக்கும் பகுதியை மட்டும் இனி வெளியிட மாட்டோம். வெளியிட்டால் ஸ்பேம்காரர்களும் படிப்பார்களாம். உண்மைதான். ஆனால் திறந்த நிரலையே பெருமையாகச் சொல்லிவந்தவர்கள் ஓர் அறைக்கு மட்டும் பூட்டுப் போட்டது கொஞ்சம் நெருடத்தான் செய்தது.

நம் நாட்டில் இந்த நம்பர் விவகாரம் சிக்னலோடு நிற்கவில்லை. 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு பொதுநல மனுக்கள் வந்தன. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்க வேண்டும் என்பது கோரிக்கை. விசாரணை நடக்க நடக்கப் பேச்சு வேறு பக்கம் திரும்பியது: வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தியை முதலில் எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா? ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் வி. காமகோடி, முதலில் அனுப்பியவரின் நம்பரை ஒவ்வொரு செய்தியோடும் சேர்த்தே அனுப்பலாம் என்று 2019இல் யோசனை சொன்னார். ஐஐடி பாம்பேயின் மனோஜ் பிரபாகரன் அதை மறுத்தார். பூட்டை உடைக்காமல் செய்ய முடியுமா என்பது ஒரு பக்கம். கெட்ட எண்ணம் உள்ளவன் அந்த அடையாளத்தையே மாற்றி எழுதிவிட்டால் மாட்டிக்கொள்வது யார் என்பது மறுபக்கம். 2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப விதிகள், முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்ட வேண்டும் என்றே சொல்லிவிட்டன. வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

பிறகு 2025 நவம்பர் 28. செய்திச் செயலிகள் எல்லாம் பதிவு செய்த சிம் போனுக்குள் இருந்தால் மட்டுமே ஓட வேண்டும், கணினியில் திறந்தால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியேற்ற வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. 90 நாள் அவகாசம். இந்திய நம்பர்களை வைத்துக்கொண்டு வெளிநாட்டிலிருந்து நடக்கும் மோசடிகளைத் தடுக்க என்றார்கள். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டி ஓய்வூதியப் பணத்தைப் பிடுங்கும் கும்பல்களைப் பற்றித் தினமும் படிக்கிறோம். அரசுக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனாலும் சிம் என்பது இந்த நாட்டில் ஏற்கெனவே கேஒய்சி செய்து வாங்குவதுதான். வணிகக் குறுஞ்செய்திகளுக்கு அனுப்புநர் பெயர், வாசக மாதிரி எல்லாம் முன்கூட்டியே பதிய வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இலேயே விதி போட்டது. அவ்வளவுக்குப் பிறகும் லோன் வேண்டுமா, பிளாட் வேண்டுமா என்று பத்து இலக்க நம்பரிலிருந்து அழைப்பு வருவது நின்றதா?

அடையாளம் கேட்பதால் ஸ்பேம் குறைந்ததற்கான ஆதாரம் இவ்வளவு மெலிதாக இருக்கும்போது, அதற்காகக் கோடிக்கணக்கான சாதாரண மனிதர்களின் ரகசியத்தைக் கொடுப்பது நல்ல பேரமாக எனக்குப் படவில்லை. அப்படியானால் அடையாளம் கேட்காமல் வேறு எதைக் கேட்பது?

கொஞ்சம் கணக்குப் போட்டுவிட்டு வா

1992இல் ஐபிஎம்மின் அல்மடேன் ஆய்வகத்தில் இருந்த சிந்தியா டுவொர்க்கும் மோனி நாவோரும் ஒரு யோசனை சொன்னார்கள். மெயில் அனுப்பும் முன் அனுப்புபவரின் கணினி ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும். ஒரு மெயிலுக்குச் சில விநாடி, யாருக்கும் உறைக்காது. பத்து லட்சம் மெயிலுக்கு மாதக்கணக்கில் ஆகும். 1997இல் ஆடம் பேக் இதையே ‘ஹாஷ்கேஷ்’ என்று செயலுக்குக் கொண்டுவந்தார். 20 பிட் அளவு வைத்தால் சராசரியாகப் பத்து லட்சத்துக்குச் சற்று மேல் முயற்சிகள் தேவைப்படும். பெயர் கேட்பதில்லை, நம்பர் கேட்பதில்லை, யாரும் நடுவில் இல்லை. பின்னாளில் பிட்காயின் கடன் வாங்கியது இந்த யோசனையைத்தான்.

2012இல் வந்த பிட்மெசேஜ் என்ற செய்தி அமைப்பு இதை முழுதாக நம்பியது. ஒரு செய்தி அனுப்பச் சராசரியாக நாலு நிமிடம் கணினி உழைக்க வேண்டும் என்று அதன் வடிவமைப்பு அறிக்கை சொன்னது. வலையில் உள்ள எல்லோருக்கும் எல்லாச் செய்திகளும் போகும். எல்லோரும் பூட்டைத் திறந்து பார்ப்பார்கள். எது திறக்கிறதோ அது தனக்கு வந்தது. யாருக்கு எழுதினீர்கள் என்பதுகூட வெளியே தெரியாது. தூய்மையான ஏற்பாடு. ‘வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்’ என்று சொல்ல நாலு நிமிடம் காத்திருக்க யாருக்குப் பொறுமை இருந்தது?

பென் லாரியும் ரிச்சர்ட் கிளேட்டனும் 2004இலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். ஸ்பேம் கும்பல் அடுத்தவர் கணினிகளை ஆயிரக்கணக்கில் கைப்பற்றி வைத்திருக்கிறது. மின்கட்டணம் கட்டுவது வேறு யாரோ. அவர்களுக்கு வலிக்கும் அளவுக்குக் கணக்கைக் கடினமாக்கினால் நியாயமாக நிறைய மெயில் அனுப்புபவர்கள் முடங்கிப் போவார்கள். இன்றைக்கு நிலைமை இன்னும் மோசம். ஒரு பக்கம் விலை உயர்ந்த ஜிபியு அட்டைகளை அடுக்கி வைத்திருப்பவன், மறுபக்கம் எட்டாயிரம் ரூபாய் போனில் பேட்டரி பத்து சதவீதம் மிச்சம் வைத்திருக்கும் கல்லூரி மாணவி. இருவருக்கும் ஒரே கணக்கு.

ஆனாலும் இதைக் குப்பையில் போட நான் தயாரில்லை. அடையாளத்தை மறைத்து இணையத்தில் உலவ உதவும் டார் வலையமைப்பு 2023 ஆகஸ்டில் இதைத் திரும்பக் கொண்டுவந்தது, ஒரு திருத்தத்தோடு: சாதாரண நாளில் கணக்கே கிடையாது, வெள்ளமாகக் கோரிக்கைகள் வந்து முட்டும்போது மட்டும் கடினம் ஏறும். எப்போதும் விதிக்கும் வரியாக இருந்தால் சுமை. நெரிசலில் மட்டும் விதித்தால் தாங்கிக்கொள்ளலாம்.

பத்தாம் வகுப்பு நேர்கோடு

இந்தத் துறையில் என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்த ஒன்று உண்டு. ஆர்எல்என் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 2019 வாக்கில் எத்தீரியம் வட்டாரத்தில் பிறந்தது. ஸ்டேட்டஸ் என்ற செயலியைக் கட்டியவர்கள், போனில் ஹாஷ் கணக்குப் போட வைத்துப் பார்த்துச் சலித்துப்போன பிறகு, தங்கள் ‘வாக்கு’ வலையமைப்புக்காக இதைக் கையில் எடுத்தார்கள்.

பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு புள்ளி வழியாக எத்தனை நேர்கோடு வேண்டுமானாலும் வரையலாம். இரண்டு புள்ளி கொடுத்துவிட்டால் ஒரே ஒரு கோடுதான். ஆடி ஷமீர் 1979இல் இந்தச் சின்ன உண்மையை வைத்து ரகசியத்தைப் பங்கிட்டு வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். ஆர்எல்என் அதை ஒரு பொறியாக மாற்றுகிறது.

வலையில் சேரும்போது நீங்கள் ஒரு ரகசிய எண்ணை உங்களிடமே வைத்துக்கொண்டு, அதன் முத்திரையை மட்டும் உறுப்பினர் பட்டியலில் பதிகிறீர்கள். கூடவே ஒரு சிறு தொகையை முன்பணமாகக் கட்டுகிறீர்கள். அந்த ரகசிய எண்தான் உங்கள் கோட்டின் வெட்டுத்துண்டு. சாய்வு ஒவ்வொரு கால இடைவெளிக்கும் மாறும். பத்து விநாடிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு செய்தி அனுப்பும்போது அந்தச் செய்தியிலிருந்து கணக்கிட்ட ஒரு புள்ளி, கோட்டின் மேல் உள்ள புள்ளி, செய்தியோடு ஒட்டிக்கொண்டு போகிறது. ‘நான் பட்டியலில் இருக்கும் யாரோ ஒருவன், புள்ளி சரியாகத்தான் கணக்கிடப்பட்டது’ என்பதற்குச் சான்றும் கூடவே போகும். யார் என்று அந்தச் சான்று சொல்லாது.

ஒரு இடைவெளியில் ஒரு செய்தி அனுப்பினால் ஒரு புள்ளி. அதை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. அவசரப்பட்டு அதே பத்து விநாடியில் இரண்டாவது செய்தி அனுப்பினால் இரண்டாவது புள்ளி வெளியே வந்துவிடும். இரண்டு புள்ளி கிடைத்ததும் எவர் வேண்டுமானாலும் கோட்டை வரைந்து, வெட்டுத்துண்டைப் படித்துவிடலாம். ரகசியச் சாவி அம்பலம். வடிவமைப்பின்படி, கண்டுபிடித்தவர் அந்தச் சாவியைக் காட்டி உங்களைப் பட்டியலிலிருந்து நீக்கி, முன்பணத்திலும் கை வைக்கலாம். போலீஸ் இல்லை, மேலாளர் இல்லை, புகார் இல்லை. அளவோடு நடப்பவரின் பெயர் யாருக்கும் தெரிவதில்லை. அளவு மீறியவர் தன் சாவியைத் தானே ஊருக்குக் கொடுத்துவிடுகிறார்.

அழகுக்கு மயங்கிவிடக் கூடாது. முன்பணம் என்றதுமே கிரிப்டோ பணப்பை, கட்டணம் என்று ஒரு படலம் தொடங்கிவிடுகிறது. என் அத்தையால் அதைச் செய்ய முடியாது. நூறு ரூபாய் என்று வைத்தால் ஸ்பேம்காரன் ஆயிரம் உறுப்பினராகச் சேர்வான். ஐயாயிரம் என்று வைத்தால் நிஜமான ரகசியம் தேவைப்படுபவர்களில் பாதிப்பேர் வெளியே நிற்பார்கள். வேகத்துக்கு மட்டுமே இது வரம்பு. பத்து விநாடிக்கு ஒரு முறை நிதானமாகப் பொய் சொல்லி ஏமாற்றுபவனை இது தொடவே தொடாது. திருமண அழைப்பிதழ் போலத் தோற்றமளிக்கும் ஏபிகே கோப்பை அனுப்பி போனைக் கைப்பற்றுபவனுக்கு ஒரு செய்தி போதும்.

வாசல் இல்லாத வீடு

இன்னொரு முகாம் வாசலையே எடுத்துவிட்டது. பிரையர் செயலியில் நேரில் சந்தித்து கியூஆர் குறியீட்டைக் காட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். தொலைவில் இருந்தால் இருவரும் இணைப்பைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். சிம்ப்ளெக்ஸ் செயலியில் பயனருக்கு எண், பெயர், சாவி என்று நிலையான அடையாளமே கிடையாது. அழைப்பு இணைப்பை நீங்கள் கொடுத்தால்தான் ஒருவர் பேச முடியும். முகவரியே இல்லாதவருக்கு ஸ்பேம் அனுப்புவது எப்படி? ஏற்கெனவே ஒருவரையொருவர் தெரிந்தவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் தெரியாதவர்களின் செய்தி வந்தே ஆக வேண்டிய வேலைகள் இருக்கின்றன. பத்திரிகை அலுவலகம், சட்ட உதவி மையம், குடும்ப வன்முறை உதவி எண், வேலைக்குப் போன நாட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு உதவும் சங்கம். இவர்கள் முகவரியைச் சுவரொட்டியில் அச்சடித்து ஒட்ட வேண்டியவர்கள். அப்படி அச்சடித்த இணைப்புக்குள் குப்பை வர ஆரம்பித்தால் செயலியில் அதை ஒரு தட்டில் மாற்றிவிடலாம். பேருந்து நிலையத்தில் ஒட்டிய இருநூறு சுவரொட்டியை மாற்ற முடியாது. பொதுவில் இணைப்பு போட்ட குழுக்களுக்கும் இதே கதி.

மேட்ரிக்ஸ் வலையமைப்பு இந்தத் திறந்த வாசலை வைத்துக்கொண்டே போராடுகிறது. 2014இல் தொடங்கியது; பிரெஞ்சு அரசு ஊழியர்களின் ‘ச்சாப்’ செயலி ஓடுவது இதன் மேல்தான். யாரும் சர்வர் வைக்கலாம் என்பதால் ஸ்பேம் அழைப்புகளும் அருவருப்பான படங்களும் அங்கே வந்து கொட்டுகின்றன. அவர்களின் விடை, பகிரக்கூடிய தடைப்பட்டியல்கள்: யாரை நம்பலாம், யாரைத் தள்ளலாம் என்று ஆளாளுக்குப் பட்டியல் போடலாம், எந்தப் பட்டியலை ஏற்பது என்பது உங்கள் விருப்பம். 2020இல் அரசுகள் பின்வாசல் கேட்டுக் குரல் உயர்த்தியபோது, பூட்டை உடைக்காமலே தொல்லையைக் கட்டுப்படுத்த இதுதான் மாற்று என்று அவர்கள் வாதாடினார்கள். நல்ல வாதம். ஆனால் மெயிலின் தடைப்பட்டியல்களும் இப்படித்தான் தொடங்கின என்பதை மறக்க முடியவில்லை. நாளாக நாளாக எல்லோரும் ஒரே பட்டியலைப் பிடித்துக்கொள்வார்கள். அதில் பெயர் ஏறிவிட்ட சிறு சர்வர்காரர் யாரிடம் போய் நிற்பது?

புகார் பட்டன் என்ற எளிய சாதனம்கூட இங்கே எளிதல்ல. வாட்ஸ்அப்பில் ஒருவரைப் புகார் செய்தால் அவர் அனுப்பிய கடைசி ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகும். பேஸ்புக் மெசஞ்சரின் ரகசிய உரையாடலில் 2016இலேயே ஒரு முத்திரை முறை வந்தது. புகார் தருபவர் செய்தியை மாற்றி எழுதி ஜோடிக்க முடியாது, புகார் வராதவரை நிறுவனத்தால் படிக்கவும் முடியாது. மையமில்லாத இடத்தில் புகாரை வாங்க ஆளே இல்லை. தொடக்கத்தில் சொன்ன கிஃப்ட் ராப்பில் உள்ளே இருக்கும் செய்திக்குக் கையெழுத்தே கிடையாது என்பதால், மிரட்டல் செய்தியை வாங்கியவராலும் அதை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. தகவல் கொடுத்தவரைக் காப்பாற்றும் அதே ஏற்பாடு மிரட்டியவனையும் காப்பாற்றுகிறது. இதற்கு எந்தக் கணிதமும் இதுவரை திருப்தியான விடை தந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் ஏதோ தொலைதூர ஆய்வகச் சண்டை என்று தோன்றினால், நம் ஊர் ‘அரட்டை’யை எடுத்துக்கொள்ளுங்கள். சோஹோவின் இந்தச் செயலிக்கு 2025 செப்டம்பர் இறுதியில் திடீரென்று கூட்டம் வந்தது. தினமும் 3,000 பேர் சேர்ந்த இடத்தில் மூன்றே நாளில் தினமும் 3.5 லட்சம் பேர் சேரத் தொடங்கினார்கள் என்றார் சோஹோவின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு. அந்தப் பரபரப்பின் நடுவே அவர் இன்னொன்றும் சொன்னார்: செய்திச் செயலிகள் வாட்ஸ்அப் போல மூடிக் கிடக்கக் கூடாது, யுபிஐ போல, மின்னஞ்சல் போல ஒன்றோடொன்று பேச வேண்டும். ஐரோப்பாவில் சட்டத்தின் கட்டாயத்தால் வாட்ஸ்அப்பே 2025 நவம்பரில் பேர்டிசாட், ஹைகெட் என்ற இரண்டு சிறு செயலிகளுக்கு வாசலைத் திறந்தது. அதுவும் பயனர் தானாக இயக்கினால் மட்டும்.

வேம்பு ஒரே மூச்சில் சொன்ன யுபிஐயும் மின்னஞ்சலும் தெரியாதவர் விஷயத்தில் நேரெதிர் விடைகள். மின்னஞ்சல் யாரையும் பெயர் கேட்காமல் உள்ளே விட்டது. யுபிஐயில் நடுவில் அதை நடத்தும் என்பிசிஐ அமைப்பு இருக்கிறது. ஒவ்வொரு பயனருக்குப் பின்னாலும் கேஒய்சி செய்த வங்கிக் கணக்கும் அதோடு இணைந்த சிம்மும் இருக்கின்றன. யார் அனுப்பினார் என்பது எப்போதும் தெரியும். அங்கேயும் ‘எனக்கு இவ்வளவு பணம் அனுப்பு’ என்று முன்பின் தெரியாதவர் கோரிக்கை அனுப்பும் வசதி ஒன்று இருந்தது. ஏமாந்து பின் நம்பரைப் போட்டுப் பணத்தை விட்டவர்கள் பலர். ஒரு கோரிக்கைக்கு 2,000 ரூபாய்தான் என்று வரம்பு வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் தனிநபருக்குத் தனிநபர் அனுப்பும் அந்தக் கோரிக்கை வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் என்பிசிஐ நிறுத்திவிட்டது.